ஷியான் நகரத்து இரவு உணவுத் தெரு: முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சீனாவின் ஷியான் நகரத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை தனியாக, இரண்டாவது தடவை அம்மாவோடு. இரண்டு பயணத்திலும் பெரும்பாலான இரவுகள் அங்குள்ள முஸ்லிம் தெருவில்தான் கழிந்தன. "நானும் போகப்போகிறேன்" என்று சொல்லும் தோழிகளும் சொந்தக்காரர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சீனாவில் எத்தனையோ ஊர்களில் இரவுக் கடைகள் உண்டு. ஏன் ஷியான்?

ஷான்ஷி மாகாணத்தின் தலைநகரம் ஷியான். சாங்ஆன் என்ற பழைய பெயரில் தாங் அரசர்களின் தலைநகரமாக இருந்தது. சுடுமண் வீரர் படை இருப்பதும் இதன் பக்கத்தில்தான், லின்டோங் என்ற இடத்தில். பகலில் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் எங்கே போவது என்று தேடும்போது, எல்லாரும் கை காட்டும் இடம் முஸ்லிம் தெரு.

எனக்குப் பிடித்த காரணம் வேறு. தாங் காலத்துச் சாங்ஆனில் இரவுச் சந்தையே கிடையாது. நண்பகலில் 300 முறை முரசு அடித்தால் சந்தை திறக்கும். சூரியன் மறைவதற்கு முன்னால் 300 முறை சேகண்டி அடித்தால் மூட வேண்டும். அதன் பிறகு தெருவில் நடமாடினால் தண்டனை. சோங் அரசு வந்த பிறகு, 965-ல், தலைநகரமான கைஃபெங்கில் மூன்றாம் சாமம் வரை இரவுச் சந்தையைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அப்படி இருட்டியதும் கதவடைத்த சாங்ஆன், இன்றைக்கு ஷியானாக ராத்திரி பதினோரு மணிக்கும் சீரக வாசனையோடு விழித்திருக்கிறது. அந்தத் தெருவுக்குள் நுழைவதே முரசு கோபுரத்தின் வளைவுக்கு அடியில்தான். (இந்தக் கோபுரம் பிற்காலத்து மிங் அரசர்கள் 1380-ல் கட்டியது. முரசு அடித்துப் பொழுது சொல்லும் வழக்கம் அதற்கும் மிகவும் முந்தையது.)

முஸ்லிம் தெரு என்றால் ஒரே ஒரு தெருவா?

இல்லை. இதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முரசு கோபுரத்தைத் தாண்டியதும் வரும் பெரிய கல் பாவிய தெருவுக்குப் பெய்யுவான்மென் என்று பெயர். நீளம் அரை கிலோமீட்டர் இருக்கும். படங்களில் வரும் விளக்குப் பலகைகளும் தள்ளுமுள்ளும் புகையும் எல்லாம் இங்கேதான். வெளியூர்க்காரர்கள் பலர் இந்த ஒரு தெருவை மட்டும் நடந்துவிட்டு, "கூட்டம், விலை அதிகம், எல்லாக் கடையும் ஒரே மாதிரி" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

ஆனால் அதற்கு மேற்கே சந்து சந்தாக ஒரு பெரிய குடியிருப்பே இருக்கிறது. ஷியாங்ஷி, தாபியுவான், சாஜின்சியாவ், தாமாய்ஷி என்று தெருக்கள். ஹுய் இன முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி இது. பட்டுப்பாதை வழியாக வந்த அரபு, பாரசீக, மத்திய ஆசிய வணிகர்களும் படைவீரர்களும் இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இந்த மக்கள். பேசுவது சீன மொழி, தொழுவது மசூதியில். வெள்ளைத் தொப்பி போட்ட தாத்தா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பேரன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். உள்ளே மருமகள் மாவு பிசைவார். நல்ல சாப்பாடு இந்தச் சந்துகளில் இருக்கிறது. பெரிய தெருவை ஒரு தடவை நடந்து பாருங்கள், பசியை மட்டும் சந்துக்காக மிச்சம் வையுங்கள்.

விசா, விமானம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை, மலேசியர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. இந்தியா–சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் வழிதான் இன்னும் வசதி.

எப்படிப் போவது? எத்தனை மணிக்குப் போகலாம்?

மெட்ரோ 2-ஆம் அல்லது 6-ஆம் தடத்தில் ஜோங்லோ நிலையத்தில் இறங்குங்கள். அது மணிக்கூண்டு நிலையம். மேலே ஏறி வந்தால் மணிக்கூண்டும் முரசு கோபுரமும் இரண்டுமே கண்ணில் படும். முரசு கோபுரத்தை நோக்கி நடந்தால் போதும்.

ஐந்து மணிக்கே போய்விடுங்கள் என்று சொல்வேன். வெளிச்சத்தில் சந்துகளைப் பழகிக்கொண்டால் இருட்டிய பிறகு வழி தவறாது. ஏழிலிருந்து ஒன்பது வரை பெய்யுவான்மென்னில் நிற்கக்கூட இடம் இருக்காது. அந்த நேரத்தில் சந்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு மேல் பெரிய தெருவுக்கு வந்தால் நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம். அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் சீனாவே விடுமுறையில் ஊர் சுற்றும் நாட்கள். அப்போது தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை மாதுளையும் பெர்சிமனும் வரும் பருவம், அந்த நாட்களில் போக முடிந்தால் அதிர்ஷ்டம்.

காசு எப்படிக் கொடுப்பது? கார்டு செல்லுமா?

கார்டைத் தேய்க்கும் பழக்கம் தள்ளுவண்டிகளில் கிடையாது. எல்லாம் கியூஆர் கோடுதான். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அலிபே, வீசாட் என்ற பணம் கட்டும் ஆப்புகள் இரண்டையும் போனில் இறக்கி, கடவுச்சீட்டு விவரம் கொடுத்து, உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்து வையுங்கள். வெளிநாட்டுக் கார்டுகளை இப்படி இணைக்கும் வசதி 2023-க்குப் பிறகு நன்றாகவே வேலை செய்கிறது. 200 யுவானுக்குக் கீழே செலவழித்தால் கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். தெருச் சாப்பாட்டுக்கு ஒரு தடவையில் 200 யுவான் ஆகவே ஆகாது, அதனால் கவலை வேண்டாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் வங்கி ஆப்பில் "வெளிநாட்டுப் பரிவர்த்தனை" என்ற பொத்தானைத் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். முதல் நாள் நான் மறந்துவிட்டேன். கையில் சூடான ரொட்டியோடு நின்றேன், பணம் போகவே இல்லை. பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண் தன் போனை நீட்டிக் கட்டிவிட்டு, நான் ரொக்கம் கொடுத்தபோது சில்லறை தேடித் தேடித் திருப்பிக் கொடுத்தாள். அதிலிருந்து 10, 20 யுவான் நோட்டுகளாக ஒரு 200 யுவான் எப்போதும் பையில் இருக்கும். ஒரு யுவான் 2025-ல் சுமார் 12 ரூபாய்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் அங்குள்ள வைஃபையில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டிருந்தால் பெரும்பாலும் திறக்கும். வழி பார்க்க கூகுள் வரைபடத்தை நம்பாதீர்கள், அங்கே எல்லாரும் பயன்படுத்துவது அமாப்.

அப்புறம் சில சொற்கள் போதும். "ஜேகே" என்றால் இது. "யீ கே" என்றால் ஒன்று. "துவோ ஷாவ் சியென்" என்றால் எவ்வளவு. "பூ யாவ்" என்றால் வேண்டாம். கடைக்காரரை "லாவ்பான்" என்று கூப்பிடலாம், முதலாளி என்று அர்த்தம். வயதான அம்மா என்றால் "ஆயி", நாம் அத்தை, பெரியம்மா என்பது மாதிரி. "ஆயி" என்று கூப்பிட்டதும் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

விரல் கணக்கில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே ஒற்றைக் கையிலேயே பத்து வரை காட்டுவார்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டினால் ஆறு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் எட்டு. நமக்கு அது இரண்டு மாதிரித் தெரியும். நீங்கள் அப்படிக் காட்டி "இரண்டு கொடுங்கள்" என்று கேட்டால் எட்டு வந்துவிடும். இரண்டுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான்.

ஒன்றே ஒன்று சாப்பிட முடியும் என்றால் எதைச் சாப்பிடுவது?

யாங்ரோ பாவ்மோ. யோசிக்கவே வேண்டாம்.

பாவ்மோ ஆட்டுக்கறிக் குழம்பில் ஊறிய ரொட்டி. ஆனால் அந்த ரொட்டியைப் பிய்ப்பது நீங்கள்தான். கடையில் உட்கார்ந்ததும் ஒரு பெரிய காலிக் கிண்ணத்தையும், உள்ளங்கை அகலத்தில் கெட்டியான வெள்ளை ரொட்டி ஒன்றோ இரண்டோ கொண்டுவந்து வைப்பார்கள். லேசாகச் சுட்ட ரொட்டி, பாதி வெந்தது போல இறுக்கமாக இருக்கும். அதை விரலால் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். எவ்வளவு சிறிதாக? "தேனீயின் தலை அளவுக்கு" என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

அம்மாவோடு போனபோது எங்கள் மேசையில் எதிரே ஒரு உள்ளூர்ப் பாட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா இட்லியைப் பிட்டுப் போடுகிற மாதிரி பெரிய பெரிய துண்டாகப் போட ஆரம்பித்தார். பாட்டி பார்த்தார். ஒன்றும் பேசாமல் கையை நீட்டி, அம்மாவின் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதை நாலாக, பிறகு எட்டாகக் கிள்ளித் திரும்பப் போட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்பது போலத் தலையை ஆட்டினார். அதன் பிறகு இருவருமாகச் சேர்ந்து கிள்ளினார்கள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஒருவருக்கு மற்றவர் மொழியில் ஒரு சொல் தெரியாது. பாட்டி தன் பேத்தியின் படத்தைப் போனில் காட்டினார், அம்மா என் அக்கா மகனின் படத்தைக் காட்டினார். கிள்ளி முடித்ததும் பாட்டி அம்மாவின் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கட்டை விரலை உயர்த்தினார்.

கிள்ளிய கிண்ணத்தை எண் வில்லையோடு உள்ளே எடுத்துப் போவார்கள். கொதிக்கும் எலும்புச் சாற்றில் அந்த ரொட்டியையும் கண்ணாடி மாதிரிச் சேமியாவையும் போட்டுக் கொஞ்ச நேரம் வேகவைத்து, மேலே ஆட்டுக்கறித் துண்டுகளை அடுக்கிக் கொண்டுவருவார்கள். துண்டு பெரிதாக இருந்தால் உள்ளே சாறு ஏறாது, மாவு வாடை வரும். சிறிதாக இருந்தால் ஒவ்வொன்றும் சாற்றைக் குடித்துவிட்டு, ஆனாலும் குழையாமல் பல்லில் நிற்கும். பாட்டி அவ்வளவு பிடிவாதமாகக் கிள்ள வைத்தது இதற்காகத்தான்.

சாறு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் பெயர்கள் உண்டு. சாறே தெரியாமல் வற்றவைத்தது "கான் பாவ்". கடைசியில் ஒரு வாய் சாறு மிஞ்சுவது "கோ தாங்". நடுவில் ரொட்டிக் குவியலும் சுற்றிலும் சாறும் இருப்பது "ஷுய் வெய் செங்", நகரத்தைத் தண்ணீர் சூழ்ந்தது என்று அர்த்தம். ஷியானின் கோட்டை மதிலையும் அகழியையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். முதல் தடவை போகிறவர்கள் "ஷுய் வெய் செங்" கேளுங்கள். ரசம் சாதம் பழகிய வாய்க்கு அதுதான் ஒத்துவரும்.

சாப்பிடும்போது கலக்கக் கூடாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, பட்டுப்புழு இலையைத் தின்கிற மாதிரி உள்ளே போக வேண்டும். கூடவே சர்க்கரையில் ஊறிய பூண்டு வைப்பார்கள். ஒரு வாய் பாவ்மோ, ஒரு பல் பூண்டு. ஆட்டுக் கொழுப்பின் திகட்டல் அதில் அடங்கிவிடும்.

கம்பிக்கறி எப்படி இருக்கும்?

சந்துக்குள் தணல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாங்குங்கள். சின்னச் சின்னத் துண்டுகள், இரண்டு சதைக்கு நடுவே ஒரு கொழுப்பு. கடைக்காரர் பத்துப் பதினைந்து கம்பிகளை ஒரே பிடியில் திருப்புவார், தணலில் கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பும்போது மேலே உப்பு, மிளகாய்த்தூள், சீரகம் என்று அள்ளித் தூவுவார். சீரகத்துக்கு அங்கே "ஸிரான்" என்று பெயர். உய்குர் மொழி வழியாகப் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. வடக்கே சொல்லும் ஜீரா, நம் சீரகம் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். பெயர் தெரிந்த பிறகு அந்த வாசனை இன்னும் சொந்தமாகிவிட்டது.

காரம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஷான்ஷி மிளகாய் வாசனைக்குத்தான், எரிச்சலுக்கு இல்லை. குழந்தைகளுக்கு வேண்டாம் என்றால் "பூ லா" என்று சொல்லுங்கள்.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பகுதியில் பன்றி இறைச்சியே கிடையாது. ஆனால் மாட்டிறைச்சி நிறைய உண்டு. "யாங்ரோ" என்றால் ஆட்டுக்கறி, "நியூரோ" என்றால் மாட்டுக்கறி. பலகையில் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆட்டைக் குறிக்கும் எழுத்துக்கு உச்சியில் இரண்டு குட்டிக் கொம்புகள் இருக்கும், அதற்குக் கீழே மூன்று படுக்கைக் கோடுகள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. மாட்டைக் குறிக்கும் எழுத்தில் படுக்கைக் கோடுகள் இரண்டுதான், மேலே ஒற்றைப் பக்கம் மட்டும் ஒரு சின்னச் சாய்கோடு. கொம்பு இரண்டு இருந்தால் ஆடு என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன், இரண்டாம் நாள் அவரே பலகை படித்துக் கடை காட்ட ஆரம்பித்துவிட்டார்.

ரோஜியாமோ என்ற ரொட்டிக்குள் வைத்த இறைச்சி ஷியானில் பெரும்புகழ் பெற்றது. முஸ்லிம் தெருவில் அது மாட்டிறைச்சி. ஊரின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் பன்றி. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். "வோ ச்சிர் சூ" என்றால் நான் சைவம். "பூ யாவ் ரோ" என்றால் கறி வேண்டாம். இரண்டையும் சொல்லுங்கள்.

முதல் தேர்வு லியாங்பி. மாவுப் பாலை ஆவியில் வேகவைத்து, நாடாவாக நறுக்கி, ஆறவைத்துக் கொடுப்பது. இடியாப்ப மாவின் வழவழப்பு, அதில் வெள்ளரித் துருவல், வினிகர், மிளகாய் எண்ணெய். ஹுய் மக்களின் கடைகளில் எள் விழுதும் ஊற்றுவார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். பியாங்பியாங் நூடுல்ஸ் இடுப்பு வார் அகலத்துக்கு இருக்கும், மிளகாய்த்தூள் மேலே கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்கள், சடசடவென்று தாளிக்கும் சத்தம் கேட்கும். கறி போடாமல் செய்யச் சொல்லலாம். அதன் பெயரை எழுதும் எழுத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோடுகள், கணினியில் அதற்கு ஓர் இடம் கிடைத்ததே 2020-ல்தான்.

ஒன்று மட்டும்: சூப்பில் மிதப்பது எதுவும் சைவம் என்று நம்பாதீர்கள். காய்கறி மட்டும் தெரிந்தாலும் சாறு எலும்பில் எடுத்ததாக இருக்கும். கண்டிப்பான சைவம் என்றால் சாறில்லாத பண்டங்களோடு நில்லுங்கள்.

இனிப்பு?

செங்காவ் கட்டாயம் சாப்பிடுங்கள். பெரிய அண்டாவில் ஒட்டரிசியும் சிவப்புப் பழமும் அடுக்கடுக்காக ஆவியில் பல மணி நேரம் வெந்து, பழச்சாறு அரிசியில் இறங்கிச் செம்பழுப்பாக இருக்கும். அந்தப் பழத்தைப் பேரீச்சை என்று நினைத்துவிடுவோம். அது நம் இலந்தையின் உறவு. காலையிலேயே செய்து விற்பது, ராத்திரியும் கிடைக்கும்.

பெர்சிமன் அடை எண்ணெயில் பொரித்தது, உள்ளே வால்நட், ரோஜா சர்க்கரை. நீலகிரியில் பருவத்துக்கு வரும் பெர்சிமன் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுவை உடனே பிடிபடும். லின்டோங்கில் விளையும் சின்னச் சிவப்புப் பெர்சிமனைப் பிசைந்து மாவோடு சேர்க்கிறார்கள். சூடாக இருக்கும்போது உள்ளிருக்கும் பாகு நாக்கைச் சுட்டுவிடும், ஊதிச் சாப்பிடுங்கள்.

கடலை மிட்டாய்க் கடைகளில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பெரிய மரச் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். சுவை கோவில்பட்டியை எட்டாது என்பது என் தீர்மானமான கருத்து.

விலையில் ஏமாற்றுவார்களா?

கம்பிக்கும் கிண்ணத்துக்கும் விலை பலகையில் இருக்கும், பேரம் தேவையில்லை. எடை போட்டு விற்கும் பண்டத்தில்தான் கவனம் வேண்டும். அங்கே எடைக்கணக்கு "ஜின்", அதாவது 500 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு "லியாங்", 50 கிராம். பெரிய தெருவில் ஒரு மிட்டாய்க் கடையில் அட்டையில் 25 என்று கண்டு, அரைக் கிலோ விலை என்று எண்ணி, வெட்டச் சொன்னேன். தராசில் வைத்ததும் நூற்றுச் சொச்சம் யுவான் கேட்டார்கள். அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வெட்டியாகிவிட்டது, கொடுத்துவிட்டு வந்தேன். வெட்டுவதற்கு முன்னால் கையால் இவ்வளவு போதும் என்று காட்டுங்கள், மொத்தம் எவ்வளவு என்று கைபேசியில் தட்டச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் "பூ யாவ்". அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேள், பூச்சி எல்லாம் கம்பியில் குத்தி விற்பார்களாமே?

அந்தப் படங்களில் பெரும்பாலானவை பெய்ஜிங்கில் வாங்ஃபுஜிங் பக்கம் எடுத்தவை. அங்கிருந்த தோங்ஹுவாமென் இரவுச் சந்தை 1984-ல் தொடங்கி 2016-ல் மூடப்பட்டது. தேள் கம்பியை வாங்கியவர்கள் பெரும்பாலும் படம் எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள். யுன்னான் மாதிரியான இடங்களில் பூச்சி உண்மையாகவே வீட்டுச் சாப்பாடு, அது அவர்கள் பழக்கம். ஷியான் முஸ்லிம் தெருவில் நான் பார்க்கவில்லை. ஒரு நாட்டின் சாப்பாட்டையே ஒரு தேளை வைத்து எடைபோடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று வேளையும் கோதுமையைப் பிசைந்து, இழுத்து, வேகவைத்து வாழும் ஊர் இது.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

கண்முன்னே நெருப்பிலிருந்து இறங்குவதைச் சாப்பிட்டால் பயம் இல்லை. வெட்டி வைத்த பழம், வெயிலில் கிடந்த குளிர்ந்த பண்டம் வேண்டாம். லியாங்பிகூடக் கூட்டம் உள்ள கடையில்தான். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், கடைகளில் வெந்நீர் கேட்டால் தருவார்கள். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். கழிப்பறைத் தாளும் கட்டாயம். பொதுக் கழிப்பறைகள் இலவசம், உள்ளே தாள் இருக்காது.

அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறக்கக் கூடாது. பீர் பாட்டிலோடு சந்துக்குள் போகாதீர்கள், அந்தக் கடைகளில் மது கிடையாது. வெளியே வாங்கிய பன்றி இறைச்சிப் பண்டத்தைக் கொண்டுபோய் அவர்கள் மேசையில் பிரிக்காதீர்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் போனைக் காட்டித் தலையசைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

இருட்டுவதற்கு முன் பெரிய மசூதியைப் பார்த்துவிடுங்கள். பரபரப்பான தெருவிலிருந்து ஹுவாஜுவே சந்து வழியாகப் பத்து நிமிஷம்கூட ஆகாது. குவிமாடம் கிடையாது. சீனக் கோயில் போலவே ஓட்டுக் கூரையும் முற்றத்துக்குப் பின் முற்றமுமாக இருக்கும், பாங்கு சொல்லும் கோபுரமே மூன்றடுக்கு மண்டபம் மாதிரிதான். இப்போதிருக்கும் அமைப்பு மிங் காலத்தது. தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போகக் கூடாது, முற்றங்களில் உட்காரலாம். அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தெருவுக்கு வந்தால் சாப்பாட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் போனேன். ராத்திரி பதினொன்றுக்கு நடந்தே தங்குமிடம் திரும்பினேன், ஒரு தொந்தரவும் இல்லை. கூட்டத்தில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் மின் ஸ்கூட்டர்கள் வரும், உண்மையான ஆபத்து அதுதான்.

ஷியானைத் தவிர வேறு எங்கே போகலாம்?

சோங் காலத்து இரவுச் சந்தையின் ஊரான கைஃபெங்கில் முரசு கோபுரத்தைச் சுற்றி இன்றும் இரவுக் கடைகள். லான்சோவில் ஜெங்னிங் தெருவில் பாலும் முட்டையும் புளித்த அரிசியும் சேர்த்துக் கொதிக்கவைத்துத் தருவார்கள், குளிருக்கு இதம்.

தமிழர்கள் தேடிப் போக வேண்டிய ஊர் தெற்கே கடலோரத்தில் இருக்கும் சுவான்சோ. ஒரு காலத்தில் தமிழ் வணிகர்கள் தங்கி வாழ்ந்த துறைமுகம். 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் ஒன்றை நிறுவியதைச் சொல்வது. மேற்குத் தெருவில் சிப்பி ஆம்லெட்டும், கூழ் போலக் குழைந்த மெல்லிய சேமியாவும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே தெருவில் உள்ள கையுவான் பௌத்த விகாரைக்குப் போங்கள். பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் நிற்கிறார்கள். இடிந்த கோயிலின் தூண்களை எடுத்து அங்கே நட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நிற்பது போலவே இருக்கும்.

எனக்கு ஷியானில் ஒரே ஒரு ராத்திரிதான். எப்படிச் செலவழிப்பது?

நாலரைக்கு மசூதி. ஐந்தரைக்குப் பாவ்மோ கடையில் உட்கார்ந்து ரொட்டியைக் கிள்ள ஆரம்பியுங்கள், அவசரப்படாதீர்கள். ஏழு மணிக்குச் சாஜின்சியாவ் பக்கம் மெதுவாக நடங்கள். பசி கொஞ்சம் எழும்பியதும் நாலு கம்பிக்கறி, ஒரு புட்டி பிங்ஃபெங். அது ஷியான்காரர்களின் ஆரஞ்சு சோடா, வெளியூரில் இருக்கும் ஷியான் பிள்ளைகள் ஊர் ஞாபகம் வந்தால் முதலில் கேட்பது. ஒன்பதரைக்குப் பெய்யுவான்மென் வழியாக விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வெளியே வாருங்கள். செங்காவை மட்டும் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ரோ ராத்திரி முழுக்க ஓடாது, அதற்குள் கிளம்பிவிடுங்கள். அறைக்குப் போய்ச் சாப்பிடும்போதும் செங்காவ் இளஞ்சூடாகவே இருக்கும்.